கறண்டு பிடித்த தோலும் அதற்கான மருந்தும்

சென்ற தவக்காலத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாங்கேணியில் திருப்பலியை முடித்துக்கொண்டு புறப்படும் வேளையில் ஒரு தாய் எம்மை மறித்தார். பக்கத்தில் அவருடைய மகள், முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைத் தலைப்பால் தோளையும் கழுத்தையும் இறுகப் போர்த்தியிருந்தார்.

“சுவாமி, எண்ட புள்ளைக்கு மார்பில கட்டி எண்டு வெட்டி எடுத்தாங்க. பிறகு கறண்டு பிடிக்க வேணுமெண்டாங்க. இருவத்தஞ்சு நாளில பதினெட்டு நாள் போய் வந்திட்டா. இப்ப பாருங்க, தோல் கரிச்சட்டி மாதிரிக் கறுத்து, கமுக்கட்டுக்குள்ள தண்ணி வடியுது. வருத்தத்தை மாத்திறம் எண்டு புள்ளையச் சுடுறாங்க. இனி நான் அனுப்பமாட்டன்.”

மகள் ஒன்றும் பேசவில்லை. கையைச் சற்றே உயர்த்திப் பிடித்தபடி நின்றார். கை உடலோடு உரசினால் அவருக்கு நோகும் என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே அறியக்கூடியதாயிருந்தது.

குருமடத்தில் எமக்கு மெய்யியல் படிப்பித்தார்கள், இறையியல் படிப்பித்தார்கள், தோலியல் படிப்பிக்கவில்லை. “டொக்டரிடம் கேட்காமல் நிறுத்தவேண்டாம், அம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். பின்னர் வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்த கட்டுரைகளை வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இந்த வாரம் வாசகர்களுக்குத் தருகிறோம். இன்று நம்முடைய ஒவ்வொரு பங்கிலும் இந்தச் சிகிச்சைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு மார்பகப் புற்று. வெற்றிலை, பாக்கு, புகையிலையோடு வாழ்நாளைக் கழித்த ஆண்களுக்கு வாய்ப் புற்று. ஒரு காலத்தில் இதற்கென மகரகமவுக்கே போய்க் கிடக்கவேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் கதிர்ச் சிகிச்சை நடைபெறுகிறது. தூரம் குறைந்துவிட்டது. பயம் குறையவில்லை.

பெயரில் உள்ள பிழை

முதலில் இந்தக் “கறண்டு” என்ற பெயரைப் பார்ப்போம். இது மின்சாரமும் அல்ல, நெருப்பும் அல்ல. எலும்பு முறிந்தால் படம் பிடிக்கிறார்களே, அதே எக்ஸ் கதிரின் பன்மடங்கு வலிமை கொண்ட வடிவம். மேசையில் படுத்திருக்கும் நோயாளிக்குச் சூடு தெரியாது, வலி தெரியாது, ஒளியும் தெரியாது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோல் சுடப்படவில்லை. அப்படியானால் அது ஏன் கறுக்கிறது, ஏன் உரிகிறது?

நம் தோலின் மேற்படை ஒரு மதில் போன்றது. மதிலின் அடிவரிசையில் உள்ள கலங்கள் ஓயாமல் பிரிந்து புதிய கலங்களை உண்டாக்குகின்றன. அவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உச்சியை அடைந்து, காய்ந்து உதிர்கின்றன. கதிர் இந்த அடிவரிசையைத் தாக்கி, கலத்தினுள் இருக்கும் மரபு இழைகளை அறுக்கிறது. அறுபட்ட கலம் உடனே சாவதில்லை. பிரிய முயலும்போதுதான் சாகிறது. ஆகவே மேலே பழைய கற்கள் உதிர்ந்துகொண்டே இருக்க, கீழே இருந்து புதிய கல் வருவது நின்றுபோகிறது.

சிகிச்சை தொடங்கி இரண்டு, மூன்று கிழமைகள் வரை ஒன்றும் தெரியாமல் இருந்து, அதன் பிறகே தோல் மாறத் தொடங்குவது இதனால்தான். முதலில் நிறம் மாறும், வெதுவெதுப்பாக இருக்கும், கடிக்கும். பிறகு பொருக்குப் பொருக்காக உரியும். சிலருக்கு மேற்படை முற்றாகக் கழன்று, உட்தோல் வெளிப்பட்டு நீர் கசியும். கமுக்கட்டு, மார்பின் கீழ்மடிப்பு, கழுத்து மடிப்பு ஆகிய இடங்களிலேயே இது அதிகம். சிகிச்சை முடிந்தபின் ஒன்றிரண்டு கிழமைகள் இன்னும் மோசமாகிப் பின்னரே ஆறத் தொடங்கும். “கறண்டை நிறுத்திய பிறகும் கூடுகிறதே” என்று கலங்குபவர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். கதிர்ச் சிகிச்சை பெறுபவர்கள் 100 பேரில் 90 பேருக்கு மேல் ஏதோ ஓர் அளவில் தோல் மாற்றம் காண்கிறார்கள். நீர் கசியும் நிலைக்குப் போகிறவர்கள் அவர்களுள் ஒரு பகுதியினரே.

இங்கே நம்மவர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. மேல்நாட்டு நூல்கள் எல்லாம் “தோல் சிவக்கும்” என்றே எழுதுகின்றன. வெள்ளைத் தோலில் சிவப்பு எளிதில் தெரியும். நம்முடைய தோலில் சிவப்புத் தெரியாது, கறுப்பே தெரியும். அதனால் ஆரம்ப நிலையைத் தாதியும் தவறவிடலாம், நோயாளியும் “வெயிலில் கறுத்தது” என்று விட்டுவிடலாம். நிறம் மாறும் வரை காத்திராமல், கடிக்கிறது, இறுகுகிறது, சுடுகிறது என்று உணர்ந்த அன்றே வாயைத் திறந்து சொல்வது நல்லது. நம் பெண்கள் சொல்லமாட்டார்கள். மார்பைப் பற்றி ஆண் வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டே புண்ணாக்கிக்கொள்வார்கள். தாதியிடமாவது சொல்லுங்கள்.

தோலே அளவுகோலாக இருந்த காலம்

இந்தப் புண்ணின் வரலாறு கதிரின் வரலாற்றோடு பிறந்தது. ரொன்ஜன் என்ற ஜேர்மனிய அறிஞர் 1895ல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதனோடு வேலை செய்தவர்களின் கைத்தோல் கெடத் தொடங்கிற்று. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் கைகளை இழந்து 1904ல் இறந்தார். பிரான்சில் பெக்கரல் என்ற அறிஞர் றேடியம் அடங்கிய சிறு குழாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததில், பைக்கு நேரே தோல் புண்ணாயிற்று. பியர் கியூரியோ வேண்டுமென்றே தம் கையில் றேடியத்தைப் பத்து மணி நேரம் கட்டிவைத்துப் பார்த்தார். ஐம்பது நாள் கடந்தும் அந்தப் புண் முற்றாக ஆறவில்லை. இருவரும் சேர்ந்து 1901ல் அதை அறிக்கையாக வெளியிட்டார்கள். உயிருள்ள கலத்தைக் கொல்ல வல்லது புற்றையும் கொல்லும் அன்றோ என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. ஆகவே இந்தச் சிகிச்சைக்கு வழிகாட்டியவற்றுள் ஒரு தோற்புண்ணும் அடங்கும்.

அதற்குப் பிந்திய காலத்தில், கதிரின் அளவை அறியச் சரியான கருவி இல்லாதபடியால் வைத்தியர்கள் நோயாளியின் தோலையே அளவுகோலாகக் கொண்டார்கள். தோல் சிவக்கும் அளவே “ஒரு பங்கு”. 1928ல்தான் ரொன்ஜன் பெயரில் பன்னாட்டு அலகு ஒன்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்நாளைய கதிர்களின் முழுப் பலமும் மேற்தோலிலேயே விழுந்தது. ஆழத்தில் இருக்கும் கட்டிக்குப் போதிய அளவு போய்ச்சேரத் தோலைப் பலி கொடுக்கவேண்டியிருந்தது.

1951ல் கனடாவில் கோபால்ற் 60 என்ற பொருளைக் கொண்டு சிகிச்சை தொடங்கியபோது இந்த நிலை மாறிற்று. அதன் கதிரின் உச்ச பலம் தோலில் அல்ல, தோலுக்கு அரைச் சென்ரிமீற்றர் கீழேயே விழுகிறது. இன்றைய நேர்கோட்டு முடுக்கி இயந்திரங்களில் இது ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவுக்கும் கீழே போகும். பாட்டன் காலத்தில் கறண்டு பிடித்து வெந்துபோனவர்களைப் பற்றிய கதைகளை இன்றும் சொல்லித் திரிகிறவர்கள் இந்த மாற்றத்தைக் கேள்விப்படாதவர்கள். ஆனால் மடிப்புகளிலும், கதிர் சாய்வாகத் தோலைத் தடவிச் செல்லும் இடங்களிலும், நிணநீர்க் கட்டிகள் தோலுக்கு அருகே இருக்கும் கழுத்திலும் இந்தப் பாதுகாப்புக் குறைந்துவிடும். மாங்கேணிப் பெண்ணின் கமுக்கட்டில் நீர் வடிந்ததற்குக் காரணம் இதுவே.

புண்ணுக்குக் குறி வைத்த மருந்துகள்

நீண்ட காலமாக இந்தப் புண்ணைப் பற்றி வைத்தியர்கள் அதிகம் கவலைப்படவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது. “உயிரைக் காப்பாற்றுகிறோம்; தோல் தானாக ஆறும்” என்பதே மனப்பாங்கு. ஆளுக்கொரு களிம்பு, ஆஸ்பத்திரிக்கொரு வழக்கம். கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில்தான் புண் உண்டாகும் வழியின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே பிரித்து, அந்தந்தப் படிக்கு என்ன செய்யலாம் என்று முறைப்படி சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

தோல் கெடுவதற்கு உரசலும் ஒரு காரணம். மெலிந்துபோன மேற்படை துணியிலும் கையிலும் உரசிக் கழல்கிறது. இதற்காகச் சிலிக்கன் பூசிய மிக மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு படலத்தைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே தோலில் ஒட்டிவிடுகிறார்கள். கதிர் அதனூடே போய்விடும், குளிக்கவும் செய்யலாம். மெப்பிற்றெல் என்பது அதன் வணிகப் பெயர். 2014ல் நியூசிலாந்தில் 78 பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. பின்னர் கனடாவில் 376 பெண்களிடம் சோதித்து 2023ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பராமரிப்பைப் பெற்றவர்களுள் 100க்கு 45.6 பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான தோற்புண் உண்டாயிற்று. படலம் ஒட்டியவர்களுள் அது 15.5 மட்டுமே. மிகத் தெளிவான வேறுபாடு. ஆனால் விலை கூடிய பொருள். நம் ஏழைப் பங்குகளில் எத்தனை குடும்பங்களுக்கு இது எட்டும் என்பது வேறு கதை.

இரண்டாவது காரணம் அழற்சி. செத்த கலங்களின் செய்தியைக் கேட்டு உடல் தன் காவற்படையை அங்கே அனுப்புகிறது. அந்தப் படை வேண்டியதற்கு மேலாகச் சண்டை போட்டு நல்ல தோலையும் கெடுக்கிறது. இதை அடக்குவதற்கு மொமெற்றசோன், பெற்றாமெதசோன் ஆகிய ஸ்ரீரொயிட் களிம்புகள் உதவுகின்றன. சுவீடனிலும் இங்கிலாந்திலும் செய்த சோதனைகள் இதற்குச் சான்று. இவை நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பவை, விலையும் அதிகமில்லை. தோல் திறந்து நீர் கசியத் தொடங்கும் முன்னரே, வைத்தியர் எழுதிக் கொடுத்த அளவில், எழுதிக் கொடுத்த நாட்களுக்கு மட்டும் பூசவேண்டியவை. பக்கத்து வீட்டாருடைய சிரங்குக்கு வாங்கிய குழாயில் மிஞ்சியதைப் பூசுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. அது வேண்டாம்.

மூன்றாவது காரணம்தான் எம்மை மிகவும் வியக்கவைத்தது. நல்ல உடல்நலமுள்ள பலரின் மூக்கினுள்ளும் தோலிலும் ஸ்ரபிலோகொக்கஸ் என்ற பக்ரீரியா குடியிருக்கும். மதில் உடையாத வரை அதனால் கெடுதல் இல்லை. கதிரால் மதில் மெலியும்போது அது உள்ளே நுழைகிறது. நியூயோர்க் நகரில் மொன்ரிபியோரே வைத்தியசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், மூக்கில் இந்தக் கிருமி உள்ளவர்களுக்கே புண் கடுமையாவதைக் கவனித்தார்கள். அப்படியானால் முதலிலேயே கிருமியை நீக்கினால் என்ன என்று 77 பேரிடம் சோதித்தார்கள்; பெரும்பாலும் மார்பகப் புற்று நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு மூக்கினுள் பூச முப்பிரோசின் களிம்பும், உடம்பு கழுவக் குளோர்ஹெக்சிடின் கலந்த நீர்மமும் கொடுத்தார்கள். ஐந்து நாட்கள், பிறகு ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. 2023ல் வெளியான முடிவு: சாதாரண பராமரிப்பில் இருந்த 38 பேரில் 9 பேருக்கு நீர் கசியும் புண் வந்தது. கிருமி நீக்கிய 39 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

ஒரு மூக்குக் களிம்பும் ஒரு கழுவு நீர்மமும்! இரண்டும் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள பழைய மருந்துகள். வேறு இடங்களில், இன்னும் பெரிய தொகையினரிடம் இதைச் செய்து பார்க்கவேண்டும் என்பது உண்மை. கழுத்துக்குக் கதிர் பெற்றவர்கள் அந்தச் சோதனையில் மிகச் சிலரே. ஆயினும் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதிய மூலக்கூறுகளைத் தேடுகிறவர்களின் உலகில், ஏழை நாட்டுக்கும் எட்டக்கூடிய ஒரு விடை மூக்கின் நுனியில் இருந்திருக்கிறது.

தேயிலை நாட்டார் கேட்டு மகிழத்தக்க ஒன்றையும் சொல்லிவிடுவோம். பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, நீரில் கரைத்து, கதிர் படும் இடத்தில் தெளித்துப் பார்த்தார்கள் சீனாவின் ஷாண்டோங் மாகாண வைத்தியர்கள். 180 பெண்கள். வெறும் உப்புநீர் தெளித்தவர்களுள் 100க்கு 72.2 பேருக்கு நடுத்தரமான அல்லது அதற்கு மேலான தோற்புண். தேயிலைச் சத்துத் தெளித்தவர்களுள் 50.5. இது 2022ல் வெளியான செய்தி. தேநீரை ஆறவைத்து ஊற்றினால் அதே பலன் கிடைக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம். அளவிட்டுத் தூய்மையாகத் தயாரித்த கரைசல் அது.

நாட்பட்ட பின் வரும் கேடு வேறு. சிலருக்கு ஓரிரு ஆண்டுகள் கழித்துத் தோலும் தசையும் தடித்து, மரப்பலகை போல் இறுகிவிடும். தோளை உயர்த்த முடியாது. ஆறவேண்டிய காயம் ஆறி முடிந்தும், தழும்பு கட்டும் வேலையை உடல் நிறுத்தாததே காரணம். பாரிஸ் நகரில் பென்ரொக்சிபிலின் என்ற குளிசையோடு விற்றமின் ஈ சேர்த்து மாதக்கணக்காகக் கொடுத்து, அந்த இறுக்கம் குறைந்ததை 1999லும் 2003லும் அறிவித்தார்கள். சிறு தொகையினரிடம் செய்த சோதனைகள்தாம்.

மஞ்சளின் கதை

மாங்கேணித் தாய் அன்று இன்னொன்றும் கேட்டார்: “மஞ்சள் அரைச்சிப் பூசினா என்ன, சுவாமி?”

இக்கேள்வியை மேல்நாட்டாரும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் றொச்செஸ்ரர் நகரில் 30 பெண்களுக்கு மஞ்சளின் சத்தாகிய குர்க்குமினை நாளொன்றுக்கு 6 கிராம் உண்ணக் கொடுத்தார்கள். சரியாகச் சொன்னால், ஒரு பாதியினருக்குக் குர்க்குமின், மறு பாதியினருக்கு வெறும் மாவு. 2013ல் வந்த முடிவு பெருமகிழ்ச்சி தந்தது: நீர் கசியும் புண் வெகுவாகக் குறைந்திருந்தது. உலகமெங்கும் மஞ்சளின் புகழ் பாடப்பட்டது. ஆனால் அதே ஆராய்ச்சியாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. 686 பேரிடம் மீண்டும் சோதித்தார்கள். இம்முறை குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதையும் 2018ல் மறைக்காமல் வெளியிட்டார்கள். தாங்கள் கட்டிய வீட்டைத் தாங்களே இடித்துக் காட்டிய இந்த நேர்மையை நாம் பாராட்டவேண்டும். முதற் செய்தி வந்தபோது துள்ளிய பத்திரிகைகள் இரண்டாம் செய்தியை எத்தனை தூரம் போட்டன என்பதைப் பத்திரிகை நடத்தும் நாமே கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

உண்பது ஒன்று, பூசுவது ஒன்று. பூசுவதைச் சோதித்தவர்கள் நமக்கு அயலவர்கள். தென்னிந்தியாவில் மங்களூரில், ஜேர்மனியரான இயேசு சபைக் குரு அகஸ்டஸ் முல்லர் 1880ல் ஏழைகளுக்காகச் சிறு மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது தொழுநோயாளர் இல்லமாக, வைத்தியசாலையாக, மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே வாய், கழுத்துப் புற்றுக்குக் கதிர் பெற்ற 50 நோயாளிகளிடம், கடையில் விற்கும் மஞ்சளும் சந்தன எண்ணெயும் கலந்த விக்கோ களிம்பையும், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். களிம்பு பூசியவர்களின் தோற்புண் பின்தங்கி வந்தது, கடுமையும் குறைந்திருந்தது. 2014ல் இது பிரித்தானியக் கதிரியல் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஐம்பது பேர் போதாது. அவர்களே இதை முன்னோடிச் சோதனை என்றுதான் அழைத்தார்கள். ஆனால் நம் பாட்டி வைத்தியத்தைப் பழிக்காமலும், கண்ணை மூடி நம்பாமலும், எடுத்துச் சோதித்துப் பார்த்த முறை நமக்கு உகந்தது.

அந்தத் தாய்க்கு நாம் சொல்லக்கூடிய விடை இதுதான். தொழிற்சாலையில் தூய்மையாகச் செய்த களிம்பு வேறு; அம்மியில் அரைத்த மஞ்சள் வேறு. திறந்து கிடக்கும் புண்ணில் அரைத்த மஞ்சளைப் பூசினால் அம்மியிலுள்ள அழுக்கும் கிருமியும் கூடவே போகும். அதோடு, கதிர் எந்த இடத்தில் விழவேண்டும் என்று தோலில் குறி இட்டிருப்பார்கள். மஞ்சள் அதை மறைத்துவிடும்.

கற்றாழையும் இவ்வாறே. அவுஸ்திரேலியாவில் 225 பெண்களிடம் 2002ல் செய்த சோதனையில், சாதாரண நீர்க் களிம்பை விடக் கற்றாழை பின்தங்கியது. பிரான்சில் லியோன் நகரில் 254 பெண்களிடம் சாமந்திப் பூ வகையொன்றின் களிம்பு, வழக்கமான களிம்பொன்றை வென்றது 2004ல். கேட்டால் எல்லாம் மூலிகைதானே என்பார்கள். ஒன்று உதவிற்று, ஒன்று உதவவில்லை. சோதிக்காமல் யாரறிவார்?

ஒலிவ எண்ணெய்க்கும் ஓரளவு சான்று இருப்பதாகப் புற்றுநோய் ஆதரவுச் சிகிச்சைக்கான பன்னாட்டுச் சங்கம் 2023ல் வெளியிட்ட பரிந்துரைகளில் சேர்த்திருக்கிறது. உடனே நோயில் பூசுதலுக்கான எண்ணெயை எம்மிடம் கேட்டு வந்துவிட வேண்டாம்! அது அருளடையாளத்துக்குரியது, நெற்றியிலும் கைகளிலும் பூசப்படுவது. தேங்காய் எண்ணெயும் அதைப் போலத்தானே என்று கேட்பவர்களுக்கு: ஒலிவ எண்ணெய்க்குக் கிடைத்த சான்று தேங்காய் எண்ணெய்க்குத் தானாக வந்துவிடாது.

வீட்டில் நடக்கவேண்டியது

கறண்டு பிடித்த இடத்தில் தண்ணீர் படக்கூடாது என்று இன்றும் பல வீடுகளில் நம்புகிறார்கள். ஆறு கிழமை குளிக்காமல் இருந்தவர்களை நாமே கண்டிருக்கிறோம். இது பிழை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 99 பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை மென்மையான சவர்க்காரத்தால் கழுவச் சொன்னார்கள். மற்றவர்களைக் கழுவவேண்டாம் என்றார்கள். கழுவாதவர்களுள் 100க்கு 33 பேருக்கு நீர் கசிந்தது. கழுவியவர்களுள் 14 பேருக்கே. கிருமியைப் பற்றி மேலே சொன்னதை நினைத்தால் இதில் வியப்பில்லை. கையால் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைக்கவேண்டும். குறிகளை மட்டும் அழித்துவிடக்கூடாது.

கிணற்று நீர் நல்லது. கடலிலும் வாவியிலும் இறங்குவது கூடாது. எழுதும்போது எளிதாக இருக்கிறது. வலை இழுத்துச் சீவிக்கிற மனிதனுக்கு ஏழு கிழமை கடலில் இறங்காதே என்றால் அடுப்பு எரியாது. கழுத்தில் கதிர் பெறுபவருக்கு உப்புநீர், உச்சி வெயில், இறுக்கமான கழுத்துப் பட்டி ஆகிய மூன்றும் எதிரி. அந்த நாட்களில் அந்தக் குடும்பத்தைப் பங்கு மக்கள் தாங்கவேண்டும். வின்சென்ற் டி போல் சபையினர் இதைக் கவனத்தில் எடுப்பார்களாக.

சிகிச்சைக்கு முன் களிம்பு பூசினால் எரியும் என்ற பயமும் உண்டு. 2018ல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். மெல்லியதாகப் பூசினால் தோலில் விழும் கதிர் கூடுவதில்லை. மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் அப்பினால்தான் கூடும். பருத்தித் துணியாலான தளர்ந்த சட்டையே உடுத்தவேண்டும். புகைப்பவர் நிறுத்தவேண்டும். வெற்றிலை போடுபவருக்கு, வாய்ப் புற்றுக்குச் சிகிச்சை பெறும் நாளிலும் ஒரு வாய் போட்டால் என்ன என்று கேட்பவருக்கு, நாம் சொல்ல என்ன இருக்கிறது?

எல்லாவற்றிலும் பெரிய மருந்து நாட்களைக் குறைப்பதாயிருக்கலாம். மார்பகப் புற்றுக்கு 25 நாள் கொடுத்ததை 15, 16 நாட்களுக்குச் சுருக்கினாலும் பலன் குறையவில்லை என்று கனடாவிலும் இங்கிலாந்திலும் காட்டியிருக்கிறார்கள். தோற்புண்ணும் குறைந்திருக்கிறது. 2020ல் இங்கிலாந்தில் ஐந்தே நாட்களில் முடிக்கும் முறையும் வெளியாயிற்று. யாருக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும். ஆனால் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. மாங்கேணியிலிருந்து ஓட்டமாவடி, வாழைச்சேனை, ஏறாவூர் கடந்து பஸ்ஸில் போய்வருகிறவருக்கு, குலுங்கும் ஒவ்வொரு மைலும் புண்ணில் உரசும் மைல்.

இடையில் நிறுத்துவது மட்டும் ஆகாது. சிகிச்சை நடக்கும்போது எஞ்சியிருக்கும் புற்றுக் கலங்கள், ஓய்வு கிடைத்தால் முன்னிலும் விரைவாகப் பெருகுகின்றன. கழுத்து, வாய்ப் புற்றில் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறைகிறது எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீர் கசிந்தால் வைத்தியரே ஓரிரு நாள் ஓய்வு தரலாம்; தந்தால் அதை ஈடுசெய்யவும் அவருக்குத் தெரியும். வீட்டில் நாமாகத் தீர்மானிக்கும் ஓய்வுக்கு ஈடு இல்லை. காய்ச்சல், நாற்றம், மஞ்சளாகச் சீழ், அடங்காத வலி இவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் போகவேண்டும்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு இரண்டு நாள் கழித்து மாங்கேணிக்குப் போனோம். தாய் திண்ணையில் இருந்தார். “அவ நேற்றே போயிட்டா, சுவாமி. நான் வேணாமெண்டு சொல்லியும் கேக்கல்ல. தாதி ஒருத்தி புண்ணைக் கழுவி, ஒட்டாத துணி வச்சிக் கட்டி விட்டாவாம்.” மிகுதி ஏழு நாளும் அவர் போய் முடித்தார். கடைசி நாளுக்குப் பின் பத்து நாள் மிகவும் கஷ்டப்பட்டார். பாஸ்கா கழிந்து நான்காம் ஞாயிறு, கோவிலில் நற்கருணை வாங்க வந்தபோது சேலைத் தலைப்பு சாதாரணமாகத் தோளில் கிடந்தது. தோல் கறுப்பு இன்னும் போகவில்லை. கை முன்போலத் தாழ்ந்து தொங்கியது.